மணம் போனது எங்கே? வீட்டு மூலிகைகளின் கோளாறுகளைத் தொட்டி முதல் புட்டி வரை கண்டறியும் வழிமுறை

வீட்டுக்குள் துளசி, திருநீற்றுப்பச்சை, புதினா, ரோஸ்மேரி, தைம் போன்றவற்றை வளர்ப்பவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். ஒன்று, செடி தொட்டியில் நிற்கும்போது. மற்றது, அறுவடைக்குப் பிறகு. முதல் கட்டத்துக்கு அறிவுரை கொட்டிக் கிடக்கிறது. இரண்டாவதற்கோ, "நிழலில் உலர்த்திப் புட்டியில் போட்டு வையுங்கள்" என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்த செடியின் மணம் சில நாட்களில் காணாமல் போவது அந்த ஒற்றை வரிக்குள்தான். ஆகவே இந்த வழிமுறை செடியின் நோய்களோடு நிற்காமல், உலர்த்துவதிலும் சேமிப்பதிலும் வரும் கோளாறுகளுக்கு அதிக இடம் தருகிறது.

அறிகுறியைப் பார்த்ததும் உரத்தைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் மூன்று கேள்விகள். கோளாறு பழைய இலையில் தொடங்கியதா, கொழுந்தில் தொடங்கியதா? ஒரு செடியில் மட்டுமா, எல்லாச் செடிகளிலுமா? மண் இப்போது ஈரமாக இருக்கிறதா, உலர்ந்து இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். ஒரே நாளில் தொட்டியை மாற்றி, உரமும் இட்டு, விளக்கையும் நகர்த்தினால், எது செடியைக் காப்பாற்றியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது.

செடி துவண்டு நிற்கிறது

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் தாகம். தண்ணீர் ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். கோகோபீட் (தென்னை நார்க்கழிவுத் தூள்) அதிகம் கலந்த மண்கலவை நன்றாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உடனே உறிஞ்சாது. ஊற்றிய நீர் தொட்டியின் உட்சுவரை ஒட்டி ஓடி அடித்துளை வழியே வெளியேறிவிடும். நடுவில் வேர் காய்ந்தபடியே இருக்கும். அடியில் தண்ணீர் வந்துவிட்டதே என்று ஏமாந்துபோக வேண்டாம். தொட்டியை ஓர் அகலமான பாத்திரத்து நீரில் அரை மணி நேரம் வைத்து, அடியிலிருந்து குடிக்க விடுங்கள்.

தொட்டி கனமாக இருந்தும் செடி துவண்டால் நிலைமை வேறு. வேருக்கு மூச்சு முட்டுகிறது. மண்ணின் துளைகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்கும்போது வேர் செயலிழக்கிறது. செயலிழந்த வேரால் சுற்றிலும் நீர் இருந்தும் உறிஞ்ச முடியாது. இதைத் தாகம் என்று எண்ணி மேலும் ஊற்றுவதுதான் வீட்டுச் செடிகள் சாவதற்கு முதல் காரணம். செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று நடுநார் மட்டும் கையில் நிற்கும். சேற்று நாற்றமும் வரும். அழுகியதை வெட்டிவிட்டு, பெர்லைட் என்னும் லேசான வெள்ளைக் கனிமத்துகளோ பருமணலோ மூன்றில் ஒரு பங்கு கலந்த புதிய கலவையில், வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் நடுங்கள். சிறு செடிக்குப் பெரிய தொட்டி கொடுப்பது தயவாகத் தோன்றலாம். வேர் எட்டாத மண்ணில் ஈரம் தேங்குவதற்கே அது வழி செய்யும்.

புதினாவும் திருநீற்றுப்பச்சையும் ஈரத்தை விரும்பும். ரோஸ்மேரியும் தைமும் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீரைக் கேட்கும். நான்கையும் ஒரே நீளத் தொட்டியில் நட்டால் இரண்டு எப்போதும் துன்பப்படும்.

இலை மஞ்சளாகிறது

மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்பதே இங்கே விடை. செடிக்குள் இடம்பெயரக்கூடிய சத்துகள் குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கும். எனவே பாதிப்பு அடியிலிருந்து மேலே ஏறும். இடம்பெயராத சத்துகள் குறைந்தால் கொழுந்துதான் முதலில் அடிபடும்.

அடியிலை முழுவதும் ஒரே சீராக வெளிறி, உதிர்ந்து, செடியின் வளர்ச்சியும் மந்தமானால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. அடியிலையில் நரம்புகள் பச்சையாகவே இருந்து, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மக்னீசியக் குறைவு; லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் எப்சம் உப்பை (மக்னீசியம் சல்பேட்) கரைத்து ஊற்றினால், அடுத்து வரும் இலைகள் தேறும். ஏற்கெனவே மஞ்சளானது திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். அடியிலையின் ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல் பழுப்பானால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) குறைவைச் சந்தேகிக்கலாம்.

கொழுந்து நரம்பிடை வெளிறி, அடியிலைகள் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து எட்டவில்லை. பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருக்கும். காரத்தன்மை கூடியதால் வேரால் அதை எடுக்க முடியாமல் இருக்கும். கடினநீரைத் தொடர்ந்து ஊற்றும் தொட்டிகளில் காரத்தன்மை மெல்ல மெல்ல ஏறும். மண்ணின் பி.எச். அளவு (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்) 6 முதல் 7 வரை இருப்பது இந்த மூலிகைகளுக்கு ஏற்றது. மண் இல்லாமல் சத்துநீரில் வளர்ப்பவர்கள் 5.5 முதல் 6.5 வரை வைத்துக்கொள்ளலாம். காரத்தன்மையைச் சரிசெய்யாமல் இரும்பை மேலும் மேலும் கொட்டுவதால் பயன் இல்லை.

இந்தப் பட்டியலை நம்பி உரக்கடைக்குக் கிளம்புமுன் ஓர் எச்சரிக்கை. எப்போதும் ஈரமாக இருக்கும் மண்ணில் வளரும் செடி மேற்சொன்ன எல்லாக் குறைபாடுகளையும் ஒரே நேரத்தில் காட்டும். சத்து இருக்கிறது, எடுக்க வேர் இல்லை, அவ்வளவுதான். வேரைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்து வைத்தியம் செய்வது தவறு. அதுபோல, அடியில் ஒன்றிரண்டு இலைகள் மஞ்சளாவது முதுமை. நிழலில் மாட்டிக்கொண்ட அடியிலையைச் செடி தானாகவே கைவிடும். அதற்கு மருந்து வேண்டாம்.

நுனி கருகுகிறது, மண்மீது வெள்ளைப் பொருக்கு

உப்புத் தேக்கம். உரமும் கடினநீரும் விட்டுச் சென்ற உப்பு மண்ணில் படிந்திருக்கிறது. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, முழுதும் வடிய விடுங்கள். தட்டில் வடிந்த நீரை அங்கேயே விட்டுவைத்தால் மண் அதே உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பிறகு உரத்தின் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

தண்டு நீண்டு மெலிகிறது

வெளிச்சம் போதவில்லை. ஜன்னலோரம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்தாலே செடிக்குக் கிடைக்கும் ஒளி வெகுவாகச் சரிந்துவிடும். எல்.இ.டி. விளக்கு வைத்திருந்தால் இலைநுனிக்கு மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்கி, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். விளக்குக்கு மிக அருகில் உள்ள இலை மட்டும் வெளிறி மேல்நோக்கிச் சுருண்டால் அது அளவுக்கு மிஞ்சிய ஒளி, கொஞ்சம் உயர்த்துங்கள். ஏற்கெனவே நீண்டுவிட்ட தண்டு குட்டையாகாது. அடியில் இரண்டு மூன்று கணுக்களை விட்டுவிட்டு மேலே கிள்ளிவிடுங்கள். கணுவின் இரு பக்கமும் புதுக் கிளை வரும்.

இலையில் புள்ளி, தூள், பஞ்சு

ஒரு கைலென்சு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சாதாரண லென்சு போதும். மூலிகை வளர்ப்பவருக்கு உரத்தைவிட அது முக்கியம். இலையின் மேற்புறத்தை எல்லோரும் பார்க்கிறோம். சங்கதி அடிப்புறத்தில் இருக்கிறது.

இலைமேல் ஊசியால் குத்தியதுபோல் நுண்ணிய வெளிர்புள்ளிகள் கூட்டமாகத் தெரிந்தால் இலையைத் திருப்பி நடுநரம்பை ஒட்டி லென்சில் பாருங்கள். மணல்துகள் அளவில் எட்டுக்காலோடு ஊர்பவை செஞ்சிலந்திகள். அவற்றின் அருகே கண்ணாடி மணிபோல் உருண்டையாக முட்டைகள் ஒட்டியிருக்கும். நூலாம்படை கண்ணுக்குத் தெரியும் நிலை வந்துவிட்டால் கூட்டம் ஏற்கெனவே பெருகிவிட்டது. வெப்பமும் வறண்ட காற்றும் இவற்றுக்குக் கொண்டாட்டம். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். செடியைச் சாய்த்து இலையின் அடிப்புறத்தில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். பின்னர்ச் செடிகளுக்கென்றே விற்கும் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை, உறையில் சொன்ன அளவில், அடிப்புறம் நனையத் தெளியுங்கள். சோப்பு முட்டையைக் கொல்லாது. அதனால் நான்கைந்து நாள் இடைவெளியில் மூன்று முறையாவது செய்ய வேண்டும். ஒருமுறை தெளித்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் மறப்பது இதைத்தான்.

இலைமேல் வெள்ளை மாவு தூவியதுபோல் தெரிந்து, விரலால் துடைத்தால் போய்விட்டு, சில நாளில் மீண்டும் வந்தால் சாம்பல் நோய். ரோஸ்மேரிக்கும் புதினாவுக்கும் இது அடிக்கடி வரும். இலை நனையாமலேயே பரவக்கூடிய பூஞ்சை இது. காற்றோட்டம் இல்லாத நெருக்கமே அதற்குப் போதும். பட்ட இலைகளைக் களைந்து, செடிகளைத் தள்ளி வைத்து, லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட் கரைத்துத் தெளிக்கலாம்.

திருநீற்றுப்பச்சைக்கு வரும் ஒரு நோயைத் தழைச்சத்துக் குறைவு என்று பலர் நினைத்து நாட்களை வீணாக்குகிறார்கள். இலையின் மேற்புறம் நரம்புகளுக்கு இடையே பட்டை பட்டையாக மஞ்சளாகும். திருப்பிப் பார்த்தால் அதே பட்டைகளில் சாம்பலும் ஊதாவும் கலந்த அழுக்குப் பூச்சு தெரியும். இதுதான் அடிச்சாம்பல் நோய். 2001-இல் சுவிட்சர்லாந்திலும் 2007-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் கண்டறியப்பட்டு, பின்னர் உலகின் பல பகுதிகளுக்கும் பரவியது. விதை வழியாகவும் வரும். பூஞ்சைபோல் தோன்றும் இந்த நோய்க்கிருமி இருட்டிலும் நிறைந்த ஈரப்பதத்திலும் வித்துகளை உண்டாக்குகிறது. இரவில் சிறு விசிறி ஓடுவதும், வெளிச்சம் இருப்பதும் வித்து உருவாவதைத் தடுக்கும். பட்ட செடியைக் காப்பாற்ற முயலாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அடுத்த முறை, அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் உருவாக்கியவை போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட ரகங்களைத் தேடி விதையுங்கள்.

புதினா இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் சிறு கொப்புளங்கள் வெடித்திருந்தால் துருநோய். தரைமட்டம்வரை வெட்டிவிட்டு, வெட்டியதை உரக்குழியில் போடாமல் அகற்றுங்கள்.

எந்த மருந்தானாலும் ஒன்றை மறக்கக் கூடாது: இந்த இலை உங்கள் வயிற்றுக்குள் போகப்போகிறது. உண்ணும் பயிருக்கு அனுமதி இல்லாத மருந்து வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய் போன்ற பாதுகாப்பானவையும் இலையில் தங்கள் கசப்பையும் வாடையையும் விட்டுச் செல்லும். அறுவடைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே எண்ணெய்த் தெளிப்பை நிறுத்திவிடுங்கள்.

மண்ணிலிருந்து சிறு கறுப்பு ஈக்கள் பறக்கின்றன

பறப்பவை தொல்லை மட்டுமே. அவற்றின் புழுக்கள் மண்ணுக்குள் இளவேரைக் கடிக்கின்றன. மேல்மண் இரண்டு விரற்கடை காயும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள். பசை பூசிய மஞ்சள் அட்டை ஒன்றை மண்மட்டத்தில் வையுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் கொசுப்புழுவைக் கொல்லப் பயன்படும் பி.டி.ஐ. நுண்ணுயிர்க் கரைசலைப் பாசன நீரில் கலந்து ஊற்றலாம்.

செடி செழிப்பு, ஆனால் மணம் இல்லை

வருத்தம் தரும் அறிகுறி இது. செடியைப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இருக்காது. புதினாக் குடும்பத்துச் செடிகளின் மணம் இலைக்குள் பரவிக் கிடப்பதில்லை. இலையின் மேற்பரப்பில் நுண்ணிய சுரப்பிகள் இருக்கின்றன. புதினாவில் எட்டுச் செல்கள் வட்டமாகக் கூடி எண்ணெயைச் சுரக்க, அது மேலே உள்ள மெல்லிய சவ்வுக்கு அடியில் குமிழாகத் தேங்குகிறது. சாய்ந்த வெளிச்சத்தில் லென்சை வைத்தால் மினுக்கும் புள்ளிகளாக அவை தெரியும். நாம் வளர்ப்பது இலையை என்றாலும், அறுவடை செய்வது இந்தக் குமிழ்களைத்தான். இதை மனத்தில் வைத்தால் மேலே படித்ததும் கீழே வருவதும் தானாகவே புரியும்.

தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலை அகலமாகவும் நீர்ச்சத்தோடும் பெருகும். எண்ணெய் அந்த அளவுக்குப் பெருகாது. ஒளி குறைந்தால் சுரப்பதற்கு மூலப்பொருளே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் வளரும் செடிக்குப் புறஊதாக் கதிரில் பெரும்பகுதி கிடைப்பதில்லை. திருநீற்றுப்பச்சையில் சுரப்பிகள் நிறைவதற்கு அந்தக் கதிரும் உதவுகிறது. ஆகவே அறுவடைக்கு இரண்டு வாரத்துக்கு முன்பிருந்து உரத்தை நிறுத்துங்கள். முடிந்தால் செடியைப் படிப்படியாக வெளியே வெயிலுக்குப் பழக்குங்கள். ரோஸ்மேரிக்கும் தைமுக்கும் தண்ணீரையும் சற்று இறுக்கிப் பிடிக்கலாம். புதினாவிடம் அந்த வேலை செல்லாது, வாடிவிடும்.

நாற்று விதையிலிருந்து வந்ததா, தண்டிலிருந்து வந்ததா என்பதையும் கேளுங்கள். மிளகுப்புதினா என்ற கலப்பினம் நல்ல விதை தருவதில்லை. அந்தப் பெயரில் விதைப்பொட்டலம் வாங்கியவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் வேறு புதினா. மணமுள்ள தாய்ச்செடியின் தண்டை நீரில் போட்டு வேர்விடச் செய்வதே நம்பகமான வழி.

அறுத்த நாள் சரியாக இருந்ததா?

இலைக்காக வளர்க்கும் திருநீற்றுப்பச்சை, துளசி, புதினா எல்லாவற்றையும் மொட்டு தெரியத் தொடங்கி, பூ விரியாத நிலையில் அறுப்பது நல்லது. மிளகுப்புதினாவில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இளம் இலையில் மென்தோன் என்னும் மணப்பொருள் அதிகம். இலை முதிர முதிர அது குளிர்ச்சி தரும் மென்தாலாக மாறும். அந்தக் குளிர்ச்சி வேண்டும் என்றால் கொழுந்தை மட்டும் பறித்துக்கொண்டே இருக்கக் கூடாது. அதேசமயம் முழுதாகப் பூக்க விட்டுவிட்டால் மென்தோஃபியூரான் என்னும் மற்றொரு பொருள் கூடி வாடை கரடுமுரடாகும். காலையில், இலைமேல் ஈரம் உலர்ந்த பிறகு, வெப்பம் ஏறுமுன் அறுங்கள். கழுவ வேண்டி இருந்தால் முதல்நாள் செடியிலேயே கழுவி, நீர் காய விடுங்கள். அறுத்த பின் கழுவிய இலை உலர இன்னும் ஒரு நாள் கூடும். அந்த நாளில்தான் அது கறுக்கும்.

உலரும்போதே இலை கறுக்கிறது

திருநீற்றுப்பச்சையில் இது மிகுதி. மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். இலை நசுங்கியிருக்கலாம்: நசுங்கிய செல்லில் நொதியும் காற்றும் சந்தித்தால் வெட்டிய ஆப்பிள் பழுப்பாகும் அதே வேதிவினை நடக்கும். குளிர்பட்டிருக்கலாம்: 10 டிகிரிக்குக் கீழே இந்த இலை தாங்காது, எனவே உலர்த்துமுன் குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது. அல்லது மெதுவாக உலர்ந்திருக்கலாம்: குவியலாகப் போட்டதும், பெரிய கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டதும், நடுவே ஈரம் புழுங்கும்.

ரோஸ்மேரி, தைம் போன்ற தடித்த, நீர் குறைந்த இலைகளைக் கொத்தாகத் தொங்கவிடலாம். நீர்ச்சத்து மிகுந்த இலைகளைக் காம்பிலிருந்து கிள்ளி, வலைத்தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். இருட்டான அறை, மெல்லிய காற்றோட்டம், 35 டிகிரியைத் தாண்டாத வெப்பம். விசிறியை இலைமேல் நேராகத் திருப்பாமல் சுவரைப் பார்த்து வையுங்கள். அறையின் காற்று நகர்ந்தால் போதும்.

நிறம் கறுப்பாக இல்லாமல் மங்கிய காக்கிப் பச்சையாக மாறினால் காரணம் வேறு. வெப்பத்தாலும் இலையின் சொந்த அமிலத்தாலும் பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியம் கழன்றுவிட்டது. வெயிலில் உலர்த்தினால் வெளுப்பும் கூடச் சேரும்.

காய்ந்த இலையில் வைக்கோல் வாசனை

எண்ணெய் ஆவியாகிவிட்டது, மீதி இருப்பது இலையின் உடல் மட்டுமே. மைக்ரோவேவ் அடுப்பும், 60 டிகிரியில் ஓடும் உலர்த்தும் இயந்திரமும் அடிக்கடி இதைச் செய்கின்றன. "சீக்கிரம் காய்ந்தது, பச்சையும் போகவில்லை" என்று மகிழ்ந்தவர்கள் கசக்கி முகர்ந்து பார்த்தால் தெரியும். உலர்த்தும் இடத்தில் நடக்கும்போது அறையெங்கும் மணம் கமழ்ந்தால் அது நல்ல சகுனம் என்று பலர் நினைக்கிறார்கள். அறையில் இருக்கும் மணம் இலையை விட்டுப் போன மணம். வெப்பத்தைக் குறையுங்கள். இயந்திரத்தில் 35 டிகிரிக்கான அமைப்பு இல்லை என்றால் அதை விட்டுவிட்டு வலைத்தட்டுக்கே திரும்புங்கள்.

மொறுமொறுப்பாக மூடினேன், மறுநாள் இலை மெத்தென்று ஆகிவிட்டது

இந்த அறிகுறியைக் கவனித்தவர் புட்டியைக் காப்பாற்றிவிட்டார். இலைத்தாள் முதலில் உலரும். நடுநரம்பும் காம்பும் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். மூடிய புட்டிக்குள் அந்த ஈரம் மெல்ல வெளியேறி இலைத்தாளுக்குப் பரவும். தொட்டுப் பார்த்து "காய்ந்துவிட்டது" என்று முடிவுசெய்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

இரண்டு அளவைகள் கைகொடுக்கும். முதலாவது, தராசு. மென்மையான இலைகளில் எடையின் 85 விழுக்காடு அளவுக்கு நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் பச்சை இலையில் உலர்பொருள் 30 கிராம்தான். அது 10 விழுக்காடு ஈரத்தோடு நிற்க வேண்டும் என்றால் மொத்த எடை 33 கிராமை ஒட்டி இருக்கும். தட்டில் இன்னும் 45 கிராம் இருந்தால், கை என்ன சொன்னாலும் உலரவில்லை.

இரண்டாவது, சிறிய ஈரப்பதமானி. புட்டியில் முக்கால் பங்கு இலையை நிரப்பி, மானியை உள்ளே வைத்து மூடி, 24 மணி நேரம் அசையாமல் விடுங்கள். 60 விழுக்காட்டுக்குக் கீழே காட்டினால் பூசணம் வளர இடமில்லை. 50 முதல் 55 வரை இருப்பது இதம். 65-ஐத் தாண்டினால் இலையை எடுத்துத் தட்டில் பரப்பி மீண்டும் ஒரு நாள் உலர்த்துங்கள். 60-க்கும் 65-க்கும் நடுவே நின்றால், ஒரு வாரம் தினமும் புட்டியைத் திறந்து, இலையைப் புரட்டி, கால் மணி நேரம் காற்றாட விட்டு மூடுங்கள். அறையின் ஈரப்பதமே 70-க்கு மேல் இருக்கும் நாட்களில் திறந்துவைப்பது எதிர்மாறாகவே வேலைசெய்யும். அப்போது உணவுக்கு உகந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போடுங்கள்.

மானியை அப்படியே நம்பக் கூடாது. ஒரு சிறு மூடியில் சமையலுப்பைப் போட்டு, ஈரமணல் பதத்துக்கு நீர் சொட்டி, மானியோடு ஒரு சிறு டப்பாவில் அடைத்து அரை நாள் வையுங்கள். சுமார் 25 டிகிரியில் உப்புக் குழம்புக்கு மேலே உள்ள காற்று 75 விழுக்காட்டில் நிலைகொள்ளும். மானி 71 காட்டினால் நான்கு குறைவாகக் காட்டுகிறது என்று மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். கடையிலிருந்து வந்த புதுமானிகளே இப்படித் தவறுவது சாதாரணம்.

புட்டிக்குள் பூசணம், மக்கிய வாடை

வெள்ளையாகவோ சாம்பலாகவோ நூலோடியிருந்தால், அந்தப் புட்டி முழுவதும் போக வேண்டும். பூசணம் பட்ட இலையை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். கூடாது. சில பூசணங்கள் விடும் நச்சு கண்ணுக்குத் தெரியாது, கொதிநீரில் அழியவும் அழியாது. முயன்று வளர்த்ததைக் கொட்டுவது மனத்துக்குக் கஷ்டம்தான். ஆனாலும் கொட்டுங்கள். புட்டியைக் கழுவி நன்கு உலர்த்திய பிறகே மறுபடியும் பயன்படுத்துங்கள்.

பூசணத்துக்குப் பயந்து பச்சை இலையை எண்ணெயில் அமிழ்த்தி அலமாரியில் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காற்றில்லாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரலாம். பச்சை இலை ஊறிய எண்ணெயைக் குளிர்பதனத்தில் வைத்துச் சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

சில மாதங்களில் மணம் மங்குகிறது

நன்றாகத்தான் உலர்ந்தது, பூசணமும் இல்லை, ஆனால் மூடியைத் திறந்தால் பழைய வேகம் இல்லை. பெரும்பாலும் இலை பொடியாக்கப்பட்டிருக்கும். பொடிப்பது என்றால் அத்தனை சுரப்பிகளையும் ஒரே நேரத்தில் உடைப்பது. முழு இலையாக வைத்து, பயன்படுத்தும் நேரத்தில் கசக்குங்கள். புட்டியில் பாதிக்கு மேல் காலியிடம் விழுந்ததும் சிறிய புட்டிக்கு மாற்றுங்கள். நிறமுள்ள கண்ணாடியும் இருட்டு அலமாரியும் வேண்டும். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி கூடாது. உலர்த்திய மாதத்தை ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். முழு இலைக்கு ஓராண்டு நியாயமான ஆயுள். ரோஸ்மேரி அதையும் தாண்டி நிற்கும், திருநீற்றுப்பச்சை அதற்கு முன்பே தளரும்.

புட்டியின் அடியில் மெல்லிய தூள் சேர்ந்து, இலையில் வட்டத் துளைகள் தெரிந்தால் வண்டு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில் செம்பழுப்பாக இருக்கும். உலர்ந்த மூலிகைகளிலும் மசாலாப் பொருட்களிலும் வாழும் இனங்கள் இவை. வண்டு விழுந்த புட்டியை அப்புறப்படுத்தி, அதே அலமாரியில் உள்ள மற்றவற்றையும் சோதியுங்கள். புதிதாக உலர்த்தியதை, ஈரம் சரியாக இருப்பதை மானியில் உறுதிசெய்த பிறகு, காற்றுப் புகாத உறையில் இட்டு −18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால் முட்டைகளும் சாகும். வெளியே எடுத்தவுடன் உறையைத் திறந்துவிடாதீர்கள். குளிர்ந்த இலைமேல் அறைக் காற்றின் ஈரம் படிந்துவிடும். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை, குறைந்தது மூன்று நான்கு மணி நேரம், மூடியபடியே இருக்கட்டும். அதன்பின் புட்டிக்கு மாற்றி, மானியையும் உள்ளே வைத்து மறுநாள் ஒருமுறை எண்ணைப் பாருங்கள்.